மறுகால் இருந்தாத்தான் கரை நிக்கும்: சின்ன மண் அணை பத்தி ஒரு எளிய விளக்கம்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மேற்க விளவங்கோடு பக்கம் போனா குடிக்கிற தண்ணிக்கே வெள்ளம்னுதான் சொல்லுவாங்க. கொஞ்சம் வெள்ளம் தாங்கன்னு கேட்டா சொம்புல கொண்டு வந்து தருவாங்க. ஐப்பசி மழையில வீட்டுக்குள்ள முழங்காலுக்கு ஏறி வர்றதுக்கும் அதே பேருதான். ரெண்டும் ஒரே தண்ணிதான், வர்ற வேகம்தான் வேற. அந்த வேகத்தைக் குறைக்க ஊர்க்காரங்க கையாலயே மண்ணை அள்ளிப்போட்டு கட்டுன ஒரு விஷயம் இருக்கு, அதுதான் சின்ன மண் அணை.

அணைன்னு சொன்னதும் நமக்கு பேச்சிப்பாறை ஞாபகம் வரும். 1906-ல முடிச்சது, கல்லால கட்டுனது, பிரம்மாண்டமா இருக்கும். ஆனா ஒரு ஓடைக்குக் குறுக்க ரெண்டு ஆள் உயரத்துக்கு மண்ணைப் போட்டு இறுக்கி, பின்னாடி தண்ணி தங்குற மாதிரி பண்ணிட்டா அதுவும் அணைதான். நம்ம ஊர் குளத்தங்கரை ஒவ்வொண்ணும் அப்படிப்பட்ட மண் அணை. சைக்கிள்ல போய் வர்ற பாதையா, மாடு மேய்க்கிற இடமா நினைச்சுக்கிட்டு நடக்கோம், ஆனா அந்தக் கரை ராத்திரி பகலா ஒரு வேலை பாத்துக்கிட்டே இருக்கு.

முதல்ல இது நம்ம பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்னு பாப்போம். வடக்க மகேந்திரகிரி 1,654 மீட்டர் உயரத்துல நிக்குது, தெக்க கடல். நடுவுல இருக்கிற தூரம் ரொம்பக் குறைச்சல். மலையில விழுற மழை பழையாறு வழியா மணக்குடிக்கும், வள்ளியாறு வழியா கடியப்பட்டணத்துக்கும், குழித்துறை தாமிரபரணி வழியா தேங்காப்பட்டணத்துக்கும் சீக்கிரமா ஓடி வந்துரும். பெரிய ஆறுகள் மாதிரி நாலு நாளு எடுத்து மெதுவா வர்ற பழக்கம் இந்த ஆறுகளுக்கு கிடையாது. அதோட நமக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் கிடைக்கும், அதனாலதான் நாஞ்சில் நாட்டுல கன்னிப்பூ கும்பப்பூன்னு ரெண்டு போகம் விளைஞ்சுது. ரெண்டு மழையும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழுற வருஷம், 2021 நவம்பர் மாதிரி, வயலும் ரோடும் ரயில் பாதையும் சேர்ந்து தண்ணிக்குள்ள போயிரும்.

இப்ப கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான். 1 சதுர கிலோமீட்டர் இடத்துல 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா மொத்தம் 1 லட்சம் கன மீட்டர் தண்ணி. அதுல பாதி மண்ணுக்குள்ள இறங்கிருச்சுன்னு வச்சாலும் மீதி 50,000 கன மீட்டர் ஓடைக்கு வருது. கீழ ஒரு குளம் இருக்கு, பரப்பு 5 ஹெக்டேர், அதுல 1 மீட்டர் உயரத்துக்கு எடம் காலியா இருக்குன்னா அந்த 50,000-மும் அப்படியே அதுக்குள்ள அடங்கிரும், கீழ இருக்கிற தெருவுக்கு அன்னைக்கு ராத்திரி அந்த ஓடையிலிருந்து ஒரு சொட்டு கூட அதிகமா வராது. லிட்டர்ல சொன்னா 5 கோடி லிட்டர். இத்தனையையும் பிடிச்சு வச்சது மோட்டாரும் இல்ல, கான்கிரீட்டும் இல்ல, வெறும் மண்ணு.

இதுல எல்லாரும் விட்டுப்போற ஒரு வார்த்தை இருக்கு, காலியா இருக்குன்னா. வெள்ளத்தைத் தடுக்குறது குளத்துல இருக்கிற தண்ணி இல்ல, குளத்துல இருக்கிற காலி எடம். நிரம்பி வழியுற குளம் பாக்க அழகுதான், ஆனா அடுத்த மழைக்கு அதுகிட்ட இருந்து கிடைக்கிற உதவி கம்மி. கம்மிதான், சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது, ஏன்னா நிரம்பின குளத்துல கூட வர்ற தண்ணி முதல்ல அகலமா பரவி அரை அடி ஒரு அடி மேல ஏறணும், அதுக்கப்புறம்தான் மறுகால் வழியா, அதாவது நிரம்புன தண்ணி வெளிய போக கரையை விட தாழ்வா விட்டிருக்கிற எடம் வழியா, குறுகலா வெளிய போக முடியும். அதனால மேல ஓடையில 2 மணி நேரத்துல வேகமா வந்துட்டுப் போற தண்ணி கீழ 6 மணி நேரம் 8 மணி நேரம்னு நீண்டு மெதுவா போகும். மொத்தத் தண்ணி அதேதான், ஆனா ஒரே நேரத்துல வந்து மோதாது. கீழ இருக்கிற பாலம் தாங்குறதும் உடையுறதும் அந்த நேர வித்தியாசத்துலதான் இருக்கு.

அதனாலதான் மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி மடையைத் திறந்து கொஞ்சம் இறக்கி வைக்கணும். வெள்ளத்துக்குன்னே கட்டுற சில மண் அணைகள்ல அடியில ஒரு குழாய் எப்பவுமே திறந்தே இருக்கும், ஷட்டரே கிடையாது. சாதாரண நாள்ல ஓடை அது பாட்டுக்கு அந்தக் குழாய் வழியா ஓடும், பெருமழை வந்தா குழாய் கொள்ளாததுனால பின்னாடி தேங்கி, பொறவு ஒரு நாள் ரெண்டு நாள்ல தானே வடிஞ்சுரும். யாரும் ராத்திரி எந்திரிச்சுப் போய் திறக்க வேண்டாம், அதுதான் அதோட பெரிய பலம்.

சரி, கரைக்கு வருவோம். தண்ணி தர்ற அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததுதான், பின்னாடி எவ்வளவு தூரம் பரந்து கிடக்குங்கிறதைப் பொறுத்தது இல்ல. 3 மீட்டர் ஆழத்துல ஒரு சதுர மீட்டருக்கு 3 டன் அழுத்தம், குளம் சின்னதா இருந்தாலும் பெருசா இருந்தாலும் அதேதான். அதனாலதான் கரை மேல ஒல்லியாவும் அடியில ரொம்ப அகலமாவும் இருக்கு. 3 மீட்டர் உயரக் கரைன்னா மேல வண்டி போற மாதிரி 3 மீட்டர் அகலம், தண்ணி இருக்கிற பக்கம் 1 மீட்டர் உயரத்துக்கு 2.5 மீட்டர் சரிவு, வெளிப்பக்கம் 2 மீட்டர் சரிவுன்னு வச்சா அடியில மட்டும் 16.5 மீட்டர் வருது. கரை ஓரத்துல யாராச்சும் ஒரு லோடு மண்ணு வெட்டி எடுத்துட்டுப் போனா என்ன ஆயிரப்போகுதுன்னு தோணும், ஆனா அந்த அடி அகலம்தான் கரையோட உயிரே.

மண்ணுல எல்லா மண்ணும் ஆகாது. கையில ஈரமா எடுத்து உருட்டுனா உருண்டை நிக்கணும், உள்ளங்கையில தேச்சா கயிறு மாதிரி வரணும், அதுதான் களி உள்ள மண்ணு. கடற்கரை மணல் பொலபொலன்னு உதிர்ந்துரும், கரைக்கு உதவாது. வெறும் களியும் ஆகாது, வெயில்ல வெடிச்சுரும். களி கொஞ்சம், மணல் கொஞ்சம், சரள் கொஞ்சம்னு கலந்த மண்ணு நல்லது, நல்ல களியை கரையோட நடுவுல சுவரு மாதிரி வச்சு ரெண்டு பக்கமும் மத்த மண்ணைப் போடுவாங்க. அந்த நடுச்சுவரு தரையிலேயே நின்னுறக்கூடாது, கீழ கெட்டித்தரை தட்டுற வரைக்கும் குழி தோண்டி அதுக்குள்ள இருந்தே களியை நிரப்பி ஏத்தணும். இல்லன்னா தண்ணி கரைக்கு அடியில புகுந்து போயிரும். பொறவு ஒரு ஜாண் உயரத்துக்கு மண்ணு, தண்ணி தெளிப்பு, மிதிப்பு, மறுபடி ஒரு ஜாண், இப்படித்தான் மேல போகணும். அந்தக் காலத்துல ஆளும் மாடும் மிதிச்சாங்க, இப்ப ரோலர் ஓட்டுறாங்க. லாரி லாரியா கொட்டிட்டு மேல மட்டும் ஜேசிபி பக்கெட்டால நாலு தட்டு தட்டிட்டுப் போற கரை முதல் மழையிலேயே உக்காந்துரும். ஒழுங்கா இறுக்கின கரை கூட கொஞ்சம் அமுங்கும்ங்கிறதால, தேவைக்கு மேல நூத்துக்கு அஞ்சு பங்காவது உயரம் கூட்டித்தான் கட்டுவாங்க.

இப்ப ஒரு உண்மை, எல்லா மண் கரையும் கசியும். கசியாத மண் கரை உலகத்துல கிடையாது. கசியறது தப்பு இல்ல, கசியும்போது மண்ணையும் சேர்த்துக் கூட்டிட்டு வருதாங்கிறதுதான் கேள்வி.

எனக்கு இதைக் காட்டித்தந்தது எங்க பெரியப்பா. ராத்திரி முழுக்க மழை அடிச்சு ஓஞ்ச ஒரு விடியக்காலம், கையில ஒரு எவர்சில்வர் டம்ளரோட என்னைக் கரைக்கு வெளிப்பக்கம் கீழ கூட்டிட்டுப் போனாங்க. கோரைப்புல்லுக்கு நடுவுல கட்டைவிரல் மொத்தத்துல தண்ணி ஊறி வந்துக்கிட்டு இருந்துச்சு. டம்ளரை அடியில வச்சு பிடிச்சு, வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, "எல மக்கா, தெளிஞ்சு வருதா கலங்கி வருதா பாரு"ன்னாங்க. தெளிஞ்சுதான் வந்துச்சு. கொஞ்ச நேரம் அசையாம வச்சுட்டு டம்ளர் அடியில மண்ணு தங்குதான்னு விரலால தொட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. "இன்னைக்கு பயமில்ல, நாளைக்கும் வந்து பாக்கணும்"னு சொல்லிட்டு, அந்த எடத்துல ஒரு கம்பை நட்டு வச்சுட்டு வந்தாங்க. மறுநாள் ஊத்து பெருசாச்சா, வேற எடத்துல கிளம்புச்சான்னு தெரியணும்ல.

கலங்கி வந்தா அர்த்தம், தண்ணி உள்ள இருந்து மண்ணை அரிச்சு ஒரு குழாய் மாதிரி வழி போட ஆரம்பிச்சுட்டு, குழாய் நீள நீள வேகம் கூடும், வேகம் கூடக்கூட இன்னும் அரிக்கும், கடைசியில கரை உள்வாங்கிரும். அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல டீட்டன்னு ஒரு பெரிய மண் அணை, முதல் தடவை நிரப்பிக்கிட்டு இருக்கும்போதே 1976 ஜூன் 5 காலைல கசிவைப் பாத்தாங்க, மத்தியானத்துக்குள்ள அணை போயிருச்சு, 11 பேர் செத்தாங்க. நம்ம குளம் அந்த அளவு இல்ல, ஆனா மண்ணு அரிக்கிற விதம் ஒண்ணுதான். இதைத் தடுக்கத்தான் கரையோட வெளிப்பக்க அடியில மணல், அதுக்கடுத்து ஜல்லி, அதுக்கடுத்து கல்லுன்னு வரிசையா ஒரு வடிகட்டி வைப்பாங்க. தண்ணி வெளிய வரலாம், மண்ணு உள்ளயே நிக்கணும். மடைக்குழாய் கரைக்குள்ள போற எடமும் இதே மாதிரி ஆபத்தானதுதான், குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில தண்ணி வழி கண்டுபிடிக்கும், அங்கதான் மிதிப்பு சரியா விழுறதில்ல.

இனிமே வரப்போறதுதான் கரைக்கு வர்ற ஆபத்துலயே பெருசு. மண் கரைக்கு மேல தண்ணி வழிஞ்சு போகவே கூடாது. கல் அணை மேல வழிஞ்சா சமாளிச்சுரும், மண் கரை மேல ஒரு எடத்துல வழிய ஆரம்பிச்சா வெளிச்சரிவுல மண்ணு அறுத்துக்கிட்டு போகும், சின்னப் பள்ளம் விழும், பள்ளத்துக்கு இன்னும் தண்ணி இழுக்கும், சில மணி நேரத்துல கரை ரெண்டா பிளந்துரும். குஜராத்துல மோர்பி ஊருக்கு மேல இருந்த மச்சு அணை 1979 ஆகஸ்ட் 11 அன்னைக்கு அப்படித்தான் போச்சு. வெளியேத்த முடிஞ்சதை விட அதிகமா வெள்ளம் வந்துச்சு, நடுவுல இருந்த கல் கட்டு நின்னுச்சு, ரெண்டு பக்கமும் இருந்த மண் கரைதான் அடிச்சுட்டுப் போச்சு, ஆயிரக்கணக்கான உயிரும் சேர்ந்து போச்சு.

அதுக்காகத்தான் மறுகால். கரையை விட தாழ்வா, கல்லு பதிச்சு, அகலமா ஒரு எடத்தை விட்டு வைப்பாங்க, குளம் நிரம்பினா தண்ணி அது வழியா தானே வெளிய போய் அடுத்த குளத்துக்கு சேரும். மறுகால் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவுல இருக்கிற அந்த உயரம்தான் நமக்கு இருக்கிற பாதுகாப்பு. 10 மீட்டர் அகல மறுகால்ல அரை மீட்டர் உயரத்துக்கு தண்ணி போனா வினாடிக்கு சுமார் 6,000 லிட்டர் வெளியேறும், கால் மீட்டர் போனா அதுல பாதி வராது, ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் வரும். அதாவது உயரம் கொஞ்சம் குறைஞ்சாலே வெளியேத்துற சக்தி நிறைய குறைஞ்சுரும்.

ஆனா நடக்குறது என்னன்னா, கொஞ்சம் தண்ணி கூட நிக்கட்டும்னு மறுகால்ல மணல் மூட்டை அடுக்கி வச்சுருவாங்க. சில எடத்துல கோடையில வயலுக்கு வேணும்னு, சில எடத்துல மீன் பாசி குத்தகை எடுத்தவங்க மீன் வெளிய போயிரக்கூடாதுன்னு வலையைக் கட்டி, வலையில ஆகாயத்தாமரை வந்து அடைச்சு சுவராட்டம் ஆயிரும். மறுகாலுக்கும் கரை உச்சிக்கும் 1 மீட்டர் வித்தியாசம் இருக்கிற குளத்துல ஒரு அடிக்கு மூட்டை வச்சாலே வெளியேத்துற சக்தியில நூத்துக்கு 40 பங்கு போயிரும். எங்க பக்கத்து குளத்துல ஒரு வருஷம் நடுராத்திரி பத்துப் பதினஞ்சு பேர் டார்ச்சு பிடிச்சுக்கிட்டு நெஞ்சளவு தண்ணியில கயிறு கட்டி இறங்கி அந்த மூட்டைகளை இழுத்தாங்க, நானும் கரையில நின்னு கயிறு பிடிச்சேன். அதுல ஒரு ஆளு வழுக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கு நினைச்சாலும் நெஞ்சு பதறுது. மழைக்காலத்துல மறுகாலை அடைக்கிறது கீழ தூங்குறவங்க வீட்டு வாசலைப் பூட்டி வைக்கிறதுக்கு சமம். நம்ம குளங்கள் ஒண்ணுக்கொண்ணு தொடுப்பு வேற, மேல உள்ளது உடைஞ்சா அந்தத் தண்ணி மொத்தமா அடுத்த கரையில போய் மோதும்.

மரம் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கரையில ஆலமரம் அரசமரம் மாதிரி பெருமரம் வளர விடுறது நல்லதில்ல. மரம் பட்டுப்போனா வேர் மக்கி உள்ள குழாய் குழாயா ஓட்டை விழும், காத்துல சாஞ்சா கரையில ஒரு துண்டையே பேத்துக்கிட்டு போகும். 2017 நவம்பர் 30 ஓக்கி புயல்ல மரம் எப்படி வேரோட மண்ணைத் தூக்கிக்கிட்டு விழுந்துச்சுன்னு நாம எல்லாருமே பாத்தோம். பனை வேற ரகம், அதுக்கு மெல்லிசா நிறைய வேர், மண்ணைப் பிடிச்சுக்கும். வெளிச்சரிவுக்கு அருகம்புல், வெட்டிவேர் ரெண்டும் அருமை. நண்டு வளை, எலி வளை கண்டா கோடையிலேயே தோண்டி களிமண் போட்டு இறுக்கிரணும்.

சரி, இதுல பறவைக்கும் மிருகத்துக்கும் என்ன இருக்கு? நிறைய இருக்கு. நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ல போறவங்க சுசீந்திரம் குளத்தை ஜன்னல் வழியா பாத்திருப்பீங்க. அதுவும், கவிமணி பிறந்த தேரூர்ல இருக்கிற குளமும் சேர்ந்து 2022-ல ராம்சார் ஈரநிலமா அறிவிக்கப்பட்டுச்சு, வேம்பனூர் ஈரநிலமும் அதே வருஷம். உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களுக்குக் கிடைக்கிற அங்கீகாரம் அது. யோசிச்சுப் பாத்தா இது ஒண்ணும் இயற்கையா உண்டான ஏரி இல்ல, வயலுக்கு தண்ணி பாய்ச்ச மனுஷன் போட்ட மண் கரைக்குப் பின்னாடி தேங்குன தண்ணி. பறவைங்க அதைத் தங்க எடமா ஏத்துக்கிட்டு, கண்டம் தாண்டி கூட வருது.

ஏன் வருதுன்னா ஆழம் எல்லா எடத்துலயும் ஒண்ணு போல இல்ல, அதனாலதான். ஓரத்துல விரல் கணு நனையுற சேத்துல உள்ளான் குத்தித் தின்னும், கெண்டைக்கால் ஆழத்துல கொக்கும் நத்தைகுத்தி நாரையும் நிக்கும், அதுக்கு அப்பால நாமக்கோழி, தாழைக்கோழி, நடுவுல ஆழத்துல கூழைக்கடாவும் நீர்க்காகமும். கிணறு மாதிரி செங்குத்தா வெட்டுன குளத்துல இதுல பாதிக்கு மேல வராது, காலு ஊன எடமே இருக்காதே. அதனால தூர்வாருறப்போ ஓரம் வரைக்கும் ஒரே ஆழமா சொரண்டி எடுத்து, சுத்தி கான்கிரீட் சுவரு கட்டி, நடக்க டைல்ஸ் போட்டு விட்டா அது பறவைக்கு உதவாத தொட்டியாயிரும். நடுவுல ஆழப்படுத்துங்க, வெள்ளத்துக்கும் அதுல எடம் கிடைக்கும், ஆனா ஒரு பக்கமாவது படிப்படியா சரிஞ்சு இறங்குற சேத்து ஓரத்தை விடுங்க. எடுத்த வண்டல்ல கொஞ்சத்தை நடுவுல திட்டா போட்டு விட்டா நாய் போக முடியாத எடமா இருக்கும், முட்டையிடுற பறவைக்கு அதை விட என்ன வேணும்.

தாமரைக்கோழியைப் பக்கத்துல பாத்திருக்கீங்களா? விரல் நீளமா இருக்கும், தாமரை இலை மேல பாரம் பரத்தி நடந்து போகும். கூடுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, மிதக்கிற இலை தண்டு மேல நாலு சருகு, அதுல பளபளன்னு பழுப்பு முட்டை, ஆண் பறவைதான் அடைகாக்கும். தண்ணி மெதுவா ஏறுனா இலையோட சேர்ந்து கூடும் மேல வந்துரும். ஒரே ராத்திரியில ரெண்டு அடி ஏறுனா இல்ல திடீர்னு மடையைத் திறந்து இறக்குனா முட்டை போச்சு. பாருங்க, கீழ இருக்கிற தெருவுக்கு எது நல்லதோ அதுவே இந்தப் பறவைக்கும் நல்லது, தண்ணி மெதுவா ஏறணும், மெதுவா இறங்கணும். மழைக்கு முன்னாடி குளத்தை இறக்குறதையும் பத்து நாளா கொஞ்சம் கொஞ்சமா பண்ணா, தினமும் புதுசா தெரியுற சேத்து ஓரத்துல உள்ளானுக்கு தீனி கிடைச்சுக்கிட்டே இருக்கும். அடியில கொஞ்சம் தண்ணி மட்டும் எப்பவும் விட்டு வைக்கணும், வராலும் கெளுத்தியும் ஆமையும் கோடை தாண்டணும்.

மலையடிவாரத்துல இருக்கிற சின்னத் தடுப்புகளுக்கு இன்னொரு பயன். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-ல அறிவிச்சது, அதோட ஓரத்துல மாசி பங்குனியில ஓடை வத்துறப்போ மண் தடுப்புக்குப் பின்னாடி தேங்கி நிக்கிற ஒரு சின்னக் குட்டைதான் மிளாங்கிற பெரிய மானுக்கும் காட்டுப்பன்னிக்கும் தண்ணி. விடியக்காலம் போனா சேத்துல மிளாவோட குளம்புத் தடம் ஈரம் காயாம கிடக்கும். காட்டுக்குள்ளயே தண்ணி இருந்தா அதுங்க வாழைத்தோட்டத்தைத் தேடி இறங்கி வர்றதும் குறையும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இதைப் படிச்சுட்டு நம்ம நிலத்துல ஓடுற ஓடைக்குக் குறுக்க நாமளே மண்ணைக் கொட்டிரக்கூடாது. ஓடை பொதுச்சொத்து, கீழ ஆளு இருக்கு, நீர்வளத்துறை அனுமதியும் இன்ஜினியர் கணக்கும் இல்லாம கட்டுன கரை உடைஞ்சா அதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஆனா இருக்கிற கரையைப் பாக்க யாரோட அனுமதியும் வேண்டாம். புரட்டாசி கடைசியில ஒரு நாள் சாயங்காலம் உங்க ஊர் குளத்துக்குப் போங்க. மறுகால்ல மூட்டை, வலை, செடி கிடக்கான்னு பாருங்க, மறுகாலுக்கு அப்புறம் தண்ணி போற ஓடையில யாராச்சும் மண்ணு போட்டு மறிச்சிருக்காங்களான்னு கொஞ்ச தூரம் நடந்து பாருங்க, கரை உச்சியில எங்கயாச்சும் தாழ்ந்து கிடக்கான்னு பாருங்க, மாடு ஏறி இறங்குற தடத்துலதான் பெரும்பாலும் தாழும். பொறவு வெளிப்பக்கம் இறங்கி கரை அடியில நடங்க. சுத்தி காஞ்சு கிடக்கிறப்போ ஒரு எடத்துல மட்டும் புல்லு பச்சையா செழிச்சு நின்னா அங்க கசியுதுன்னு அர்த்தம், ஒரு கம்பு நட்டு வச்சுட்டு வாங்க. மழை விழுந்த மறுநாள் போகும்போது கையில ஒரு டம்ளர் எடுத்துக்கோங்க.